லூசியானா கிரயமும் லூயிஸ்–கிளார்க் பயணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1803-ல் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு வயது 27. அந்த ஆண்டில் அது பிரான்சிடமிருந்து சுமார் 8,28,000 சதுர மைல் (ஏறத்தாழ 21.4 லட்சம் சதுர கிலோமீட்டர்) பரப்பை விலைக்கு வாங்கியது. இன்றைய இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு அளவு, தமிழ்நாட்டைப் போல 16 மடங்கு. நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரட்டித்தது. அடுத்த ஆண்டே மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் என்ற இரு படை அதிகாரிகளின் தலைமையில் ஒரு குழு மிசௌரி ஆற்றில் ஏறிப் பசிபிக் கடலைப் பார்க்கப் புறப்பட்டது. இந்த இரண்டைப் பற்றியும் வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை இங்கே.

பிரான்ஸ் உண்மையில் எதை விற்றது?

பத்திரத்தில் எழுதியிருப்பது நிலம். ஆனால் விற்ற நாளில் பிரான்சிடம் சுவாதீனம்கூட இல்லை. மிசிசிப்பி ஆற்றுவாய்த் துறைமுகமான நியூ ஆர்லியன்ஸில் பறந்துகொண்டிருந்தது ஸ்பெயினின் கொடி. 1762-ல் பிரான்ஸ் இந்தப் பகுதியை ஸ்பெயினுக்குக் கொடுத்தது. 1800 அக்டோபர் 1 அன்று சான் இல்டிஃபோன்சோவில் கையெழுத்தான ரகசிய ஒப்பந்தத்தில் ஸ்பெயின் அதைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. வேறு நாட்டுக்குக் கைமாற்றுவதில்லை என்று பிரான்ஸ் பின்னர் வாக்கும் கொடுத்திருந்தது. ஆக, இன்றைய வழக்கில் சொன்னால், வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் யாரும் வாங்கத் துணியாத சொத்து.

வில்லங்கம் அத்தோடு முடியவில்லை. ஓசேஜ், பானி, லகோட்டா, மாண்டன், ஹிடாட்சா, பிளாக்ஃபீட், கோமாஞ்சி என்று பல இனங்கள் அங்கே தங்கள் ஊர், வேட்டைக்காடு, வணிகப் பாதை ஆகியவற்றோடு வாழ்ந்துகொண்டிருந்தன. அவர்களில் ஒருவரும் பாரிஸில் கையெழுத்திடவில்லை. அமெரிக்கா வாங்கியது, வேறு ஐரோப்பிய அரசு உள்ளே வராமல் தடுத்து, பூர்வகுடிகளிடமிருந்து நிலம் பெறும் உரிமையைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் முன்னுரிமைதான். ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவே பூர்வகுடிகளோடு ஸ்பெயின் செய்த உடன்படிக்கைகளை அமெரிக்கா மதிக்க வேண்டும் என்கிறது. அந்த முன்னுரிமைக் கொள்கைக்கு 1823-ல் ஜான்சன் எதிர் மெக்கின்டோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்ட வடிவம் கொடுத்தது.

நியூ ஆர்லியன்ஸ் மேல் அமெரிக்காவுக்கு ஏன் அவ்வளவு கண்?

அப்பலாச்சிய மலைக்கு மேற்கே கென்டக்கி, டென்னசி, ஒஹாயோ பகுதிகளில் குடியேறியவர்களின் மாவு, புகையிலை, பன்றி இறைச்சி எல்லாம் மலை ஏறிக் கிழக்குக் கரைக்குப் போனால் வண்டிக்கூலியே விலையைத் தின்றுவிடும். அதனால் தட்டைப் படகில் ஏற்றி ஒஹாயோ, மிசிசிப்பி வழியாக ஓட்டத்தோடு விட்டுவிடுவார்கள். நியூ ஆர்லியன்ஸில் சரக்கை இறக்கி வைத்து, கடல் கப்பல் வரும்வரை காக்க வேண்டும். படகைப் பிரித்துப் பலகையாக விற்றுவிட்டு, ஊருக்கு நடந்தோ குதிரையிலோ திரும்புவார்கள்.

இந்தச் சரக்கை இறக்கி வைக்கும் உரிமையை 1795-ல் ஸ்பெயின் ஒப்பந்தம் மூலம் தந்திருந்தது. 1802 அக்டோபரில் அங்கிருந்த ஸ்பானிய நிர்வாக அதிகாரி அதை ரத்து செய்தார். மேற்கத்திய விவசாயிகள் கொதித்தார்கள். படை அனுப்பி ஊரைப் பிடிக்க வேண்டும் என்ற பேச்சு செனட்டிலேயே எழுந்தது. பலவீனமான ஸ்பெயினுக்குப் பதிலாக நெப்போலியன் அந்த ஆற்றுவாயில் உட்காரப்போகிறார் என்ற செய்தியும் கசிந்திருந்ததால் அதிபர் ஜெஃபர்சனுக்குக் கவலை இரட்டிப்பு.

நெப்போலியன் ஏன் விற்றார்?

காரணம் கரீபியனில் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பிரான்சின் பணம் காய்க்கும் குடியேற்றம் லூசியானா அல்ல, செயின்ட் டொமிங்கு (இன்றைய ஹெயிட்டி). அதன் கரும்புத் தோட்டங்களுக்கு உணவும் மரமும் அனுப்பும் களஞ்சியமாகத்தான் லூசியானாவை நெப்போலியன் நினைத்திருந்தார். அங்கே அடிமைகள் 1791-லேயே கிளர்ந்தெழுந்து தளைகளை உடைத்திருந்தனர். மீண்டும் அடக்க, மைத்துனர் லெக்லெர்க் தலைமையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பினார். எதிர்ப்புப் போரும் மஞ்சள் காய்ச்சலும் அந்தப் படையை அரித்துத் தின்றன. 1802 நவம்பரில் லெக்லெர்க்கே காய்ச்சலில் இறந்தார். கிளர்ந்தெழுந்தவர்களின் தலைவர் தூசான் லூவர்த்தூரைப் பிடித்துப் பிரெஞ்சுக் கோட்டையில் சாகவிட்ட பிறகும் எதிர்ப்பு அடங்கவில்லை.

செயின்ட் டொமிங்கு போனால் லூசியானாவுக்கு வேலையில்லை. பிரிட்டனோடு போர் மீண்டும் வெடிக்கப் போகிறது; வெடித்தால் பிரிட்டனின் கடற்படை நியூ ஆர்லியன்ஸை எடுத்துக்கொள்ளும். இழக்கப்போவதை முன்னதாகவே காசாக்குவது மேல். பேரத்தில் அமெரிக்கத் தூதர்களின் சாமர்த்தியத்தைவிட, ஹெயிட்டிய அடிமைகளின் போர்தான் இந்தக் கிரயத்தை நடத்தி வைத்தது என்று சொல்வதில் மிகையில்லை. அவர்களுக்கு அமெரிக்கா திருப்பிச் செய்த மரியாதை, ஹெயிட்டியின் சுதந்திரத்தை 1862 வரை அங்கீகரிக்காததுதான்.

ஊரைக் கேட்டவர்களுக்கு அரைக் கண்டம் எப்படி வந்தது?

பாரிஸில் தூதராக இருந்த ராபர்ட் லிவிங்ஸ்டன் மாதக்கணக்கில் நியூ ஆர்லியன்ஸைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். ஜெஃபர்சன் துணைக்கு ஜேம்ஸ் மன்ரோவை அனுப்பினார். அவர்களுக்குக் கிடைத்த அறிவுறுத்தல், நியூ ஆர்லியன்ஸும் ஃபுளோரிடா பகுதிகளும். உச்ச வரம்பு 5 கோடி ஃபிராங்க். 1803 ஏப்ரல் 11 அன்று வெளியுறவு அமைச்சர் தாலிரான் சாதாரணமாகக் கேட்டார்: முழு லூசியானாவுக்கும் என்ன தருவீர்கள்? மன்ரோ பாரிஸுக்குள் நுழைந்தது மறுநாள்தான்.

கடல் கடந்து அனுமதி கேட்டுப் பதில் வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் நெப்போலியன் மனம் மாறலாம். இருவரும் அதிகார வரம்பை மீறி ஒப்புக்கொண்டார்கள். நிதித்துறையின் பார்பே மார்புவாவோடு பேரம் நடந்தது. பத்திரத்தின் தேதி 1803 ஏப்ரல் 30. கையெழுத்து விழுந்தது மே தொடக்கத்தில், தேதியை முன்போட்டார்கள். கேட்ட ஃபுளோரிடா கிடைக்கவில்லை, கேட்காத மேற்கு கிடைத்தது.

1.5 கோடி டாலரை எப்படிக் கொடுத்தார்கள்?

தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மொத்தம் 8 கோடி ஃபிராங்க். அதில் 6 கோடி (1,12,50,000 டாலர்) பிரான்சுக்கு. மீதி 2 கோடி (37,50,000 டாலர்) பிரான்சுக்குப் போகவில்லை. கடலில் பிரான்ஸ் பறித்த கப்பல், சரக்குக்காக அமெரிக்க வணிகர்கள் கேட்டுக்கொண்டிருந்த நட்டஈட்டை அமெரிக்க அரசே தன் குடிமக்களுக்குக் கொடுத்துவிடும் என்ற ஏற்பாடு.

பிரான்சுக்கான தொகையும் ரொக்கம் அல்ல. அமெரிக்கா 6 சதவீத வட்டிக் கடன் பத்திரங்களை வெளியிட்டது. முதல் 15 ஆண்டுகள் வட்டி மட்டும் (ஆண்டுக்கு 6,75,000 டாலர்), பிறகு அசல் தவணைகளில். நெப்போலியனுக்கோ போர்ச் செலவுக்கு உடனே காசு தேவை. லண்டனின் பேரிங் வங்கியும் ஆம்ஸ்டர்டாமின் ஹோப் நிறுவனமும் அந்தப் பத்திரங்களைத் தள்ளுபடியில் வாங்கிக்கொண்டன. 6 கோடிக்குப் பதில் பிரான்ஸ் கையில் வந்தது சுமார் 5.2 கோடி ஃபிராங்க். பிரான்சோடு பிரிட்டன் போரில் இருக்கும்போது, பிரிட்டிஷ் வங்கி ஏற்பாடு செய்த பணம் நெப்போலியனின் கருவூலத்துக்குப் போனது. பிரிட்டிஷ் அரசும் தெரிந்தே விட்டது. பிரான்ஸ் வட அமெரிக்காவை விட்டுப் போவது அதற்கும் லாபம்.

இளம் நாட்டால் இதைச் செய்ய முடிந்ததற்கு ஒரே காரணம், 1790-களில் பழைய போர்க்கடனை ஒழுங்காக அடைக்க ஆரம்பித்து அது சந்தையில் சம்பாதித்திருந்த நம்பிக்கை. அந்தக் கடன் திட்டத்தைக் கொண்டுவந்த நிதியமைச்சர் ஹாமில்டனைத் தீவிரமாக எதிர்த்த கட்சியின் தலைவர் ஜெஃபர்சன் என்பது வேடிக்கை.

ஏக்கருக்கு மூன்று காசு என்கிறார்களே, சரிதானா?

கணக்கு சரி, பொருள் தவறு. 53 கோடி ஏக்கரால் 1.5 கோடி டாலரை வகுத்தால் 2.8 அமெரிக்கக் காசு வரும். ஆனால் அதில் வட்டி இல்லை; பூர்வகுடிகளோடு பிறகு நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட உடன்படிக்கைகளில் கொடுத்தது இல்லை; போர்ச் செலவும் இல்லை. முதல் முத்திரைத்தாள் செலவை மட்டும் வைத்து வீட்டின் விலை சொல்வதற்குச் சமம்.

இப்படி நிலம் வாங்க அரசியல் சட்டத்தில் இடம் இருந்ததா?

வெளிப்படையாக இல்லை. எழுதியிருக்கும் அதிகாரங்களுக்கு மேல் மத்திய அரசு ஒரு அடியும் வைக்கக் கூடாது என்று வாதிட்டு ஆட்சிக்கு வந்தவர் ஜெஃபர்சன். அவரே திருத்த மசோதா வரைந்து பார்த்தார். ஆனால் ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்குள், அதாவது அக்டோபர் 30-க்குள், உறுதிசெய்ய வேண்டும். திருத்தத்துக்கு மாநிலங்களின் ஒப்புதல் வாங்க அந்தக் காலம் போதாது. நெப்போலியன் பின்வாங்கக்கூடும் என்று பாரிஸிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. ஜெஃபர்சன் கொள்கையை ஓரமாக வைத்தார். உடன்படிக்கை செய்யும் அதிகாரத்துக்குள் இது அடங்கும் என்று வாதம் மாறியது.

1803 அக்டோபர் 20 அன்று செனட் 24–7 என்று ஒப்புதல் தந்தது. கீழவையில்தான் சூடு. ஸ்பெயின் உண்மையிலேயே பிரான்சுக்குக் கொடுத்ததற்கான ஆவணத்தைக் காட்டச் சொன்ன தீர்மானம் 57–59 என்ற இரண்டே வாக்கில் தோற்றது. கேட்டவர்கள் எதிர்க்கட்சியினர், உள்நோக்கம் இருந்தாலும் கேள்வி நியாயமானதே. நிலம் சேர்க்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது 1828-ல்.

நான்கெல்லை என்னவென்று பத்திரத்தில் இருந்ததா?

இல்லை. ஸ்பெயின் கையில் இருந்தபோதும், முன்பு பிரான்ஸ் வைத்திருந்தபோதும் எவ்வளவோ, அவ்வளவு என்றுதான் எழுதியிருந்தது. லிவிங்ஸ்டன் எல்லை கேட்டபோது தாலிரான் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றும், நல்ல பேரம் முடித்திருக்கிறீர்கள், அதை எவ்வளவு பயன்படுத்த முடியுமோ அவ்வளவு பயன்படுத்திக்கொள்வீர்கள் என்றும் நழுவினார். அமெரிக்கா அதை அப்படியே பின்பற்றியது. வடக்கே 49-ஆவது அட்சக்கோடு 1818-ல் பிரிட்டனோடும், தென்மேற்கு எல்லை 1819-ல் ஸ்பெயினோடும் பேசி முடிவானது. 21.4 லட்சம் சதுர கிலோமீட்டர் என்ற கணக்கே இந்தப் பிற்கால எல்லைகளை வைத்துப் போட்டது.

கைமாற்றம் எப்போது நடந்தது?

1803 நவம்பர் 30 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஸ்பெயின் பிரான்சிடம் ஒப்படைத்தது. இருபதே நாளில், டிசம்பர் 20 அன்று, பிரான்ஸ் அமெரிக்காவிடம். மேலே செயின்ட் லூயிஸில் 1804 மார்ச் 9, 10 தேதிகளில். ஸ்பெயின், பிரான்ஸ், அமெரிக்கா என மூன்று கொடிகள் அடுத்தடுத்து ஏறின. மெரிவெதர் லூயிஸ் அங்கே சாட்சியாக நின்றார்.

வாங்கிய நிலத்தைப் பார்வையிடத்தானே லூயிஸ்–கிளார்க் பயணம்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஜெஃபர்சன் காங்கிரசிடம் ரகசியக் கடிதத்தில் 2,500 டாலர் கேட்டது 1803 ஜனவரி 18. கிரயத்துக்கு மூன்று மாதம் முன்பு. அப்போது அது அயல்நாட்டு மண். மிசௌரி ஆற்றின் வழியே பசிபிக் வரை நீர்வழி உண்டா என்று பார்ப்பதும், பிரிட்டிஷ் கம்பெனிகளின் கையிலிருந்த தோல் வணிகத்தைத் திருப்புவதும் நோக்கம். கிரயம் முடிந்ததும் அதே பயணத்தின் தோற்றம் மாறியது: இனி அவர்கள் புதிய உரிமையாளரின் தூதர்கள். ராக்கி மலைக்கு அப்பால் போனபோது மட்டும் மீண்டும் யாருக்கும் உறுதியில்லாத மண்ணில் நடந்தார்கள். பசிபிக் கரையை ஒட்டிய அந்த ஆரிகன் பகுதி கிரயத்தில் அடங்கவே இல்லை.

2,500 டாலரை எப்படிப் பிரித்திருந்தார்கள்?

லூயிஸ் போட்ட மதிப்பீடு இது: கணிதக் கருவிகள் 217, ஆயுதங்கள் 81, முகாம் பொருள்கள் 255, மருந்து 55, போக்குவரத்து 430, பூர்வகுடிகளுக்கான அன்பளிப்பு 696, உணவு 224, பொருள்களைச் சுமக்கத்தக்க பொதிகளாகக் கட்டும் சாமான் 55, வேட்டைக்காரர், வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர் சம்பளம் 300, வெள்ளி நாணயம் 100, எதிர்பாராச் செலவு 87. அன்பளிப்புக்குத்தான் மிகப் பெரிய பங்கு. முடிவில் ஆன செலவு 38,000 டாலரைத் தாண்டியது. பன்னிரண்டு பேருக்குப் போடப்பட்ட திட்டம் முப்பதுக்கு மேல் வளர்ந்ததும், பயணம் நீண்டதும், பிந்தைய சம்பளமும் காரணம்.

என்ன எடுத்துப் போனார்கள்? எது கைகொடுத்தது, எது காலை வாரியது?

ஃபிலடெல்ஃபியாவில் வாங்கியதில் 4,600 தையல் ஊசி, 288 கத்தி, 12 டஜன் கைக்கண்ணாடி, 130 சுருள் புகையிலை, 33 பவுண்டு சிறு மணிகள் இருந்தன. இதில் கணக்கு தவறியது மணியில். கொலம்பியா ஆற்றங்கரை மக்கள் நீல மணியைத்தான் உயர்வாக மதித்தார்கள். மற்ற நிறங்களுக்கு அவ்வளவு மதிப்பில்லை. நீல மணி சீக்கிரமே தீர்ந்துபோய், பசிபிக் கரையில் கழித்த குளிர்காலம் முழுக்க உணவு வாங்கத் திண்டாடினார்கள்.

மிகச் சிறந்த யோசனை வெடிமருந்து டப்பா. 52 ஈயக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் 4 பவுண்டு மருந்து, குடுவையின் எடை 8 பவுண்டு ஈயம். மருந்தை எடுத்து முடித்ததும் குடுவையை உருக்கினால் அந்த மருந்துக்குத் தேவையான குண்டு கிடைக்கும். நீர் புகாதபடி மூடியிருந்ததால் படகு கவிழ்ந்தாலும் கெடவில்லை. உணவு, உடை, புகையிலை எல்லாம் தீர்ந்த பிறகும் வெடிமருந்து மட்டும் மிச்சமிருந்தது.

193 பவுண்டு கட்டிச் சூப் (மாட்டிறைச்சிச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி இறுக்கியது) 289 டாலருக்கு மேல் விழுங்கியது. மொத்த உணவு மதிப்பீட்டைவிட அதிகம். ருசி கிடையாது. ராக்கி மலைத்தொடரின் பிட்டர்ரூட் மலையில் பட்டினி கிடந்தபோது மட்டும் உயிரைப் பிடித்து வைத்தது.

மருத்துவர் பெஞ்சமின் ரஷ் தந்த 50 டஜன் பேதி மாத்திரைகளில் பாதரச உப்பும் ஜாலப் கிழங்கும் கலந்திருந்தன. வயிற்றுக் கோளாறு எதுவானாலும் இதுதான் மருந்து. இறைச்சியையே தின்று மலம் இறுகியவர்களுக்கு உதவியிருக்கும். வயிற்றுப்போக்கில் துவண்டவருக்கு மேலும் நீர் இழக்கச் செய்திருக்கும். பூர்வகுடிகளுக்குப் போட ஜெஃபர்சன் தந்த பெரியம்மைத் தடுப்பு ஊசிப்பொருள் ஒஹாயோ ஆற்றிலேயே வீரியம் இழந்தது.

இரும்புப் படகு லூயிஸின் செல்லத் திட்டம். 36 அடி நீளச் சட்டத்தைப் பிரித்துச் சுமந்து போய், மிசௌரியின் பெரிய அருவிகளுக்கு மேலே பூட்டி, தோல் போர்த்தி மிதக்கவிட வேண்டும். 28 எல்க் மான் தோலும் 4 காட்டெருமைத் தோலும் தைத்துப் போர்த்தினார்கள். தையல் துளையை அடைக்கப் பைன் பிசின் வேண்டும். அந்தப் புல்வெளியில் பைன் மரமே இல்லை. கரி, தேன்மெழுகு, எருமைக் கொழுப்பு கலந்து பூசினார்கள். 1805 ஜூலை 9 அன்று நீரில் விட்டபோது அழகாக மிதந்தது. சில மணி நேரத்தில் பூச்சு உரிந்து, தையல் வழியே தண்ணீர் ஏறியது. கூரான ஊசி துளையை அகலமாக்கிவிட்டதும், பூச்சு தோலில் பிடிக்காததும் காரணம். சட்டத்தைப் புதைத்துவிட்டு மரத்தைக் குடைந்து இரண்டு தோணி செய்துகொண்டார்கள்.

ஆற்றின் எதிர்ப்போக்கில் எப்படிப் போனார்கள்?

முதன்மைப் படகு 55 அடி நீளம், 8 அடி அகலம். பிட்ஸ்பர்கில் படகுத் தச்சரின் குடிப்பழக்கத்தால் வாரக்கணக்கில் தாமதமாகி 1803 ஆகஸ்ட் 31 அன்றுதான் இறங்கியது. அதற்குள் ஒஹாயோவில் நீர் வற்றிப் பல இடங்களில் மாடு பூட்டி இழுக்க வேண்டியதாயிற்று. குளிர்காலத்தைச் செயின்ட் லூயிஸுக்கு எதிரே கழித்து, 1804 மே 14 அன்று மிசௌரியில் ஏறினார்கள்.

காற்று இருந்தால் பாய். இல்லையென்றால் துடுப்பு. ஆழம் குறைந்தால் கழி ஊன்றுவது. அதுவும் முடியாவிட்டால் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பது. நல்ல நாளில் 15 மைல் போகலாம். இடிந்து விழும் கரை, இடம் மாறும் மணல் திட்டு, நீருக்கடியில் வேரூன்றி ஆடும் மரங்கள்: இவைதான் படகுக்கு எமன். இந்த உழைப்புக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 9 பவுண்டு வரை இறைச்சி தேவைப்பட்டது.

பயணத்தின் கடினமான கட்டம் எது?

இரண்டு. முதலாவது மிசௌரியின் பெரிய அருவிகள், 1805 ஜூன். ஒன்றல்ல, ஐந்து அருவிகள். 18 மைல் தரைவழியாகச் சரக்கையும் தோணியையும் கொண்டுபோக வேண்டும். பருத்தி மரத்தண்டை வட்டமாக அறுத்துச் சக்கரம், வெள்ளைத் தோணியின் பாய்மரத்தை அச்சு என்று வண்டி கட்டினார்கள். அச்சு முறிந்துகொண்டே இருந்தது. சப்பாத்திக் கள்ளி முள் தோல் காலணியைத் துளைத்தது, ஆலங்கட்டி மழை தலையை உடைத்தது. அருவிப் பகுதியைக் கடக்க ஒரு மாதம் ஆயிற்று.

இரண்டாவது, அதைவிட மோசம். ஆகஸ்ட் 12 அன்று லெம்ஹி கணவாயில் ஏறி நின்ற லூயிஸ், மறுபக்கம் கொலம்பியாவுக்குச் சரியும் சமவெளியை எதிர்பார்த்தார். தெரிந்ததோ பனி மூடிய மலைக்கு மேல் மலை. இந்தக் கண்டத்தை நீர்வழியாகக் கடக்கலாம் என்ற நூறாண்டுக் கனவு அந்த இடத்தில் முடிந்தது. ஷோஷோனி மக்களிடம் குதிரை வாங்கி, ஓல்ட் டோபி என்று இவர்கள் அழைத்த முதிய வழிகாட்டியோடு பிட்டர்ரூட் மலையைக் கடக்கும் லோலோ பாதையில் செப்டம்பர் 11 முதல் 22 வரை போனார்கள். பனியில் பாதை மறைந்தது, வேட்டை கிடைக்கவில்லை, குதிரைக் குட்டிகளைக் கொன்று தின்றார்கள். மறுபக்கம் இறங்கியபோது நெஸ் பெர்ஸ் மக்கள் உணவு தந்தார்கள். பட்டினி வயிற்றில் உலர்ந்த சால்மனும் காமாஸ் கிழங்கும் அளவுமீறி இறங்க, குழு முழுதும் நோயில் விழுந்தது. துப்பாக்கிகளோடு எழ முடியாமல் கிடந்தவர்களைக் கொன்று பொருளை எடுக்காமல் விட்டதும், தீயால் மரம் குடையும் முறையைக் காட்டியதும் அந்த மக்களே. 1877-ல் அதே மக்களை அமெரிக்கப் படை விரட்டிப் பிடித்தது.

சகாகவேயா வழிகாட்டியா?

பெரும்பாலும் இல்லை. அவர் ஷோஷோனிப் பெண். சிறுவயதில் ஹிடாட்சாக்கள் கடத்திப்போனவர். பிரெஞ்சு–கனடிய வணிகர் ஷார்போனோவின் மனைவி. குழு குளிர்காலம் கழித்த மாண்டன் கோட்டையில் 1805 பிப்ரவரி 11 அன்று ஆண் குழந்தை பெற்று, இரண்டு மாதத்தில் கைக்குழந்தையோடு புறப்பட்டார். வேலை மொழிபெயர்ப்பு. ஷோஷோனியிலிருந்து ஹிடாட்சாவுக்கு அவர், பிரெஞ்சுக்குக் கணவர், ஆங்கிலத்துக்குப் படைவீரர் ஒருவர் என்று சங்கிலியாகப் பேச்சு போகும். குதிரை வாங்கும் பேச்சில் ஷோஷோனித் தலைவர் காமியாவைட் அவருடைய சகோதரர் என்று தெரிந்தது பெரும் அதிர்ஷ்டம். பிறந்த மண்ணில் சில அடையாளங்களைச் சொன்னார். திரும்பும் வழியில் கிளார்க்குக்கு ஒரு கணவாயைக் காட்டினார். குழந்தையோடு ஒரு பெண் இருப்பதே இது போர்ப்படை அல்ல என்று எதிர்ப்படுவோருக்குச் சொன்னது.

எத்தனை பேர் இறந்தார்கள்?

குழுவில் ஒருவர். சார்ஜென்ட் சார்ல்ஸ் ஃபிளாய்ட், 1804 ஆகஸ்ட் 20. குடல்வால் வெடித்திருக்கலாம் என்பது பிற்கால மருத்துவர்களின் கணிப்பு. அப்படியானால் அன்றைய எந்த மருத்துவமனையாலும் காப்பாற்றியிருக்க முடியாது. குழுவின் கையால் இறந்தவர்கள் இருவர்: 1806 ஜூலை 27 அன்று துப்பாக்கியும் குதிரையும் பறிக்கப் பார்த்த பிளாக்ஃபீட் இளைஞர்கள். அடுத்த மாதம் லூயிஸை மான் என்று நினைத்து, ஒற்றைக் கண் பார்வையுள்ள சொந்தப் படகோட்டியே பின்புறத்தில் சுட்டுவிட்டார், லூயிஸ் பிழைத்துக்கொண்டார்.

அவர்கள் வரைந்த படம் துல்லியமானதா?

கிளார்க்கின் திசைகாட்டியும் கண் மதிப்பீடும் வியக்க வைக்கும். தீர்க்கரேகைக் கணக்கு தோல்வி. அதற்குத் துல்லியமான நேரம் வேண்டும். சுமார் 250 டாலர் கொடுத்து வாங்கிய குரோனோமீட்டர் (துல்லிய நேரம் காட்டும் கடிகாரம்) அடிக்கடி நின்றுபோனது, சாவி கொடுக்கவும் மறந்தார்கள். பிறகு குறிப்புகளை வாங்கிப் பார்த்த கணித வல்லுநர் ஹாஸ்லரால் அவற்றிலிருந்து எதையும் கூட்டிப் பெற முடியவில்லை. ஆனாலும் 1814-ல் வெளியான கிளார்க்கின் வரைபடம் பல ஆண்டுகள் மேற்குக்கு முதன்மைப் படமாக இருந்தது. ஆற்றோர மக்கள் மண்ணில் கோடு கிழித்துக் காட்டியவை அதில் நிறைய உண்டு.

ஊதியம்?

சாதாரண வீரருக்கு மாதம் 5 டாலர். 1806 செப்டம்பர் 23 அன்று செயின்ட் லூயிஸ் திரும்பிய பிறகு அது இரட்டிக்கப்பட்டு, ஆளுக்கு 320 ஏக்கர் நிலமும் தரப்பட்டது. லூயிஸுக்கும் கிளார்க்குக்கும் 1,600 ஏக்கர் வீதம். ஷார்போனோவுக்கு 500 டாலரும் 320 ஏக்கரும். சகாகவேயாவுக்கு எதுவும் இல்லை. கிளார்க்கின் அடிமையாக முழுப் பயணமும் வந்து, வேட்டையாடி, சுமை தூக்கிய யார்க்குக்கும் இல்லை. திரும்பி வந்தும் அவர் பல ஆண்டுகள் அடிமையாகவே இருந்தார்.

வேறு குழுக்கள் போகவில்லையா?

போயின; பெரும்பாலும் ஸ்பெயினிடம் மாட்டின. ஃப்ரீமன்–கஸ்டிஸ் குழு 1806-ல் சிவப்பு ஆற்றில் 600 மைலுக்கு மேல் ஏறி, ஸ்பானியப் படை மறித்ததால் திரும்பியது. செபுலான் பைக் 1807-ல் கைதாகி, காகிதங்களைப் பறிகொடுத்தார். லூயிஸ் குழுவைப் பிடிக்கவும் சாண்டா ஃபேயிலிருந்து படைகள் புறப்பட்டன, எட்டிப்பிடிக்கவில்லை. ஸ்பெயினுக்குத் துப்பு கொடுத்தவர், நியூ ஆர்லியன்ஸை அமெரிக்கா சார்பில் பொறுப்பேற்றவர்களில் ஒருவரான ஜெனரல் வில்கின்சனே. அவர் ஸ்பெயினிடம் ரகசியமாகச் சம்பளம் வாங்கிவந்தார்.

அங்கே வாழ்ந்தவர்களுக்கு என்ன ஆயிற்று?

பிரெஞ்சு, ஸ்பானியக் குடிகளுக்கு ஒப்பந்தத்தின் 3-ஆம் பிரிவு குடியுரிமையை உறுதி செய்தது. 1812-ல் லூசியானா மாநிலமாயிற்று. பூர்வகுடிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1808-ல் ஓசேஜ் மக்கள் இன்றைய மிசௌரியின் பெரும்பகுதியையும் ஆர்கன்சாவின் வடபகுதியையும் ஒரே உடன்படிக்கையில் இழந்தார்கள். 1830-க்குப் பிறகு மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த செரோக்கி முதலான இனங்களை விரட்டிக் குடியேற்றவும் இதே நிலம் பயன்பட்டது. அடிமை முறை புதிய கரும்பு, பருத்தித் தோட்டங்களோடு மேற்கே பரவியது. புதிய மாநிலங்களில் அடிமை முறை உண்டா என்ற சண்டை 1820-ல் மிசௌரி சமரசத்தில் (36°30′ கோட்டுக்கு வடக்கே, மிசௌரி நீங்கலாக, தடை) தற்காலிகமாக ஓய்ந்து, 1861-ல் உள்நாட்டுப் போராக வெடித்தது.

இதன்பின் அமெரிக்கா வேறு நிலம் வாங்கியதா?

ஃபுளோரிடாவை 1819 ஒப்பந்தத்தில் பெற்றது. ஸ்பெயின் கைக்கு ஒரு காசும் போகவில்லை, அமெரிக்கக் குடிமக்கள் ஸ்பெயினிடம் கோரிய 50 லட்சம் டாலர் வரையிலான நட்டஈட்டை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. 1848-ல் மெக்சிகோவுக்குத் தந்த 1.5 கோடி டாலரைக் கிரயம் என்று சொல்ல முடியாது. போரில் தோற்கடித்துத் தலைநகரில் படையை நிறுத்திய பிறகு கொடுத்தது. 1853–54-ல் தெற்கு ரயில் பாதைக்காக மெக்சிகோவிடமே இன்னொரு துண்டு 1 கோடி டாலருக்கு. 1867-ல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்கா 72 லட்சம் டாலருக்கு. 1917-ல் டென்மார்க்கிடமிருந்து வர்ஜின் தீவுகள் 2.5 கோடி டாலருக்கு. பரப்பில் மிகச் சிறிய இதற்குத்தான் ஏக்கர் கணக்கில் மிக அதிக விலை.